தெரு மட்டம்

1986ஆம் வருஷம் தை மாதம், ராஜபாளையம் மில்லுத் தெருவில் வைகுண்டராஜ் கட்டிலோடு தரைக்குள் ஒரு சாண் இறங்கினான். சிமெண்டுத் தரைதான், ஆனால் ஒரு கீறல்கூட விழவில்லை. மாவுக்குள் கரண்டி இறங்குவது போல நான்கு கால்களும் இறங்கி நின்றன. அவனுக்கு முப்பத்திரண்டு வயது. பஞ்சாலையில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். எந்த மெஷினில் நூல் அறுபடப் போகிறது என்பதை அறுபடுவதற்கு முன்பே காதால் கேட்டுச் சொல்லிவிடுவான். அதற்காக மெச்சியவர்களே அவன் யார் முகத்தையும் பார்த்துப் பேசமாட்டான் என்று கேலியும் செய்தார்கள். ஒரு நாள் காதைப் பொத்திக்கொண்டு மெஷினடியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மில்லில் பெயரை அடித்துவிட்டார்கள்.

தலையில் அருவித் தண்ணீர் விழுந்தால் தெளியும் என்று தெருவில் சொன்னதைக் கேட்டு, அம்மா பரிபூரணம் அவனை அருவிக்கரை அய்யனார் கோவிலுக்குக் கூட்டிப்போனாள். தாய்மாமன்மார் மூன்று பேர் பிடித்து நிறுத்தினார்கள். அந்த இரைச்சலில் அவன் பாறைக்குள் முழங்கால் வரை இறங்கிவிட்டான். பிடுங்கி எடுக்க மத்தியானம் ஆனது. இரண்டு கால் பள்ளமும் இன்னும் அங்கே இருக்கின்றன. குளிக்கப் போகிறவர்கள் அதில் சோப்பு வைக்கிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் சுகாதார ஆபீசில் வேதமணி என்று ஒரு அம்மாள் இருந்தாள். இரண்டு ஊருக்கும் சேர்த்து, வயது வந்தவர்களுக்கு ஒரு மனநல நிலையம் ஏற்படுத்தும் பொறுப்பை 1987இல் அவளிடம் கொடுத்தார்கள். இடம் பார்க்க வேண்டும், டாக்டர் பிடிக்க வேண்டும், ஏழு பேர் கொண்ட குழுவிடம் ஒப்புதல் வாங்கிச் சென்னை ஆணை பெற வேண்டும். முதல் வேலையாக அவள் மில்லுத் தெருவுக்குப் போனாள். கட்டில் அப்போது இடுப்பளவு ஆழத்தில் இருந்தது. பள்ளத்தின் ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தாள்.

வைகுண்டராஜ் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, சத்தம் எல்லாருக்கும் காதுல விழுது. எனக்கு மேல விழுது. விழுந்தது எந்திரிச்சுப் போக மாட்டேங்கு."

"ஒனக்கு என்ன வேணும் தம்பி?"

"மில்லுச் சங்கு கேக்காத ஒரு ரூம்பு. ஏன் எதுக்குன்னு கேக்காம பக்கத்துல செத்த நேரம் உக்கார ஒரு ஆளு."

அவன் கேட்டது அம்புட்டுத்தான், மக்களே. அதற்கு என்ன பாடுபடுத்தினார்கள் தெரியுமா?

குழுத் தலைவர் தனுஷ்கோடி, மில் முதலாளி. முதல் கூட்டத்திலேயே சிரித்தார். "சின்னப் பிள்ளையளுக்குன்னாலும் சரி. வளந்த ஆம்பளைக்கு மனசுல என்னம்மா நோவு? காலாகாலத்துல ஒரு கல்யாணத்தப் பண்ணி வைங்க." தீர்மானம் தள்ளிவைக்கப்பட்டது. கட்டில் இரண்டு சாண் இறங்கியது. அடுத்த கூட்டம் ஆடிப்பூரத் தேரன்று விழுந்ததால் ஒருவரும் வரவில்லை. பிறகு, நிலையம் ராஜபாளையத்திலா ஸ்ரீவில்லிபுத்தூரிலா என்று இரண்டு வருஷம் சண்டை போட்டார்கள். வேதமணி ஒரு டாக்டரும் இரண்டு மெத்தையும் கேட்டு எழுதினால், உறுப்பினர் ஒருவர் தன் தறியில் நெய்த கட்டுத்துணி இருபது பொதி அனுப்பினார். ஆஸ்பத்திரி என்றால் கட்டுத்துணி இல்லாமல் எப்படி என்று கேட்டாராம். மனசு உடைந்தவனுக்குக் கட்டுத்துணி! வேதமணி பல்லைக் கடித்துக்கொண்டு பொதிகளைப் பரிபூரணத்திடம் சேர்த்தாள். அவள் அதைப் பிரித்துப் பள்ளத்தைச் சுற்றிலும் மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டாள். சங்குச் சத்தம் துணியோடு நின்றுவிட்டது. அந்த மாதம் கட்டில் இறங்கவில்லை. குழு செய்த ஒரே நல்ல காரியம் அதுதான், அதுவும் தெரியாமல் செய்தது.

1991இல், கட்டில் இறங்குவது நிலத்தடி நீர் சம்பந்தப்பட்டது என்று குழுவில் முடிவுகட்டி, பொதுப்பணித் துறைக்கு எழுதினார்கள். இன்ஜினியர் வந்து டேப்பை விட்டு அளந்தார். பதினோரு அடி. ஜல்லியும் சிமெண்டும் கொட்டி மூடலாம் என்று குறித்துக்கொண்டார்.

"எம் மவன் உள்ள இருக்கான் சார்," என்றாள் பரிபூரணம்.

"அது எங்க டிபார்ட்மெண்ட் இல்லம்மா."

மூடுவதற்கு முன் குழு நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று ஒரு விதியைத் தேடிப் பிடித்து, வேதமணி ஏழு பேருக்கும் கடிதம் போட்டாள். தனுஷ்கோடி ஒருவர்தான் வந்தார், அதுவும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக. ஏணி வழியாக இறங்கினார். வைகுண்டராஜ் அவரைப் பார்க்காமலே கட்டிலில் நகர்ந்து இடம் விட்டான். சங்கில்லை, மெஷினில்லை. முதலாளி கட்டிலில் உட்கார்ந்து பேசினார்.

"எம் மூத்தவன் தூக்குப் போட்டுப் போயி ஆறு வருசமாச்சு. வீட்ல ஒருத்தரும் அவன் பேரச் சொல்றதில்ல."

"பேரு என்ன?" என்று கேட்டான் வைகுண்டராஜ்.

சொன்னார். பிறகு அழுதார்.

மேலே ஏறி வந்த மனுஷன் நியாயமாக அன்றைக்கே ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டாமா? கொடுக்கவில்லை. வெளியே தெரிந்தால் கௌரவம் போய்விடுமாம். ஜல்லி லாரியை மட்டும் திருப்பி அனுப்பினார். கூட்டத்தில் வாயைத் திறக்காதவர், செவ்வாய்தோறும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். கூமாப்பட்டியிலிருந்துகூட வந்தார்கள். மதுரை டாக்டர் ஞானரத்தினம் ஆணைக்குக் காத்திராமல் பஸ் ஏறி வந்தார். பள்ளத்துக்குப் படி வெட்டினார்கள்.

வேதமணி பொறுப்பேற்றுப் பத்து வருஷம் கழித்து, 1997இல் குழு ஒருவழியாகத் தலையாட்ட, சென்னையிலிருந்து ஒப்புதல் ஆணை வந்தது. கடைசி வரியில் ஒரு நிபந்தனை: நிலையம் தெரு மட்டத்தில் இருக்க வேண்டும், முப்பது நாளில் இல்லையென்றால் ஆணை ரத்து.

வேதமணி ரப்பர் ஸ்டாம்பை மேஜையில் ஓங்கி அடித்தாள். "பத்து வருசமா ஒரு மனுசன் எறங்குறத உக்காந்து பாத்தாக. இப்ப மட்டம் பாக்காகளாம், மட்டம்."

சேதி தெரிந்து, இத்தனை வருஷமாகப் படி இறங்கிப் போனவர்கள் எல்லாரும் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்து தெருவில் உட்கார்ந்தார்கள். தனுஷ்கோடி துண்டைப் போடாமல் முன்வரிசையில் உட்கார்ந்தார். ஒருவரும் பேசவில்லை. மறுநாள் காலையில் தெரு ஒரு முழம் இறங்கியிருந்தது. அவர்கள் எழுந்து போகவில்லை. இருபத்தெட்டாம் நாள், வீடுகள், விளக்குக் கம்பம், குடிதண்ணீர்க் குழாய், மில் மதில் எல்லாவற்றோடும் தெரு கட்டிலின் மட்டத்துக்கு வந்து நின்றது. எந்த வீட்டிலும் ஒரு செம்புகூடச் சாயவில்லை. அதே இன்ஜினியர் வந்து அளந்து, மட்டம் சரி என்று எழுதிக் கொடுத்தார். வைகுண்டராஜ் கட்டிலை விட்டு இறங்கி, வாசலுக்கு வந்து, குழாயடியில் முகம் கழுவினான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் அந்தச் சரிவில் இரண்டாவது கியருக்கு மாறும். ஸ்டாப்புக்குக் கட்டில் இறக்கம் என்று பெயர். செவ்வாய்க்கிழமையானால் பாதி பஸ் அங்கேதான் இறங்கும். அந்த இடத்தில் மட்டும் கண்டக்டர் விசில் ஊதுவதில்லை. தகரத்தில் மெல்ல இரண்டு தட்டு தட்டுவார், பஸ் புறப்படும்.