அட்டையின் பின்பக்கம்

1980ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மத்தியானம் இரண்டு மணி நேரம் விடாமல் பெய்த மழையில் ஃபேரர் பார்க் பக்கத்துச் சந்துகளில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறிவிட்டது. துரைசாமி தொலைபேசியில் கூப்பிட்டபோது உர்சுலா தோ பாயோ வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், கொஞ்சம் வர முடியுமா? ரூம்ல தண்ணி பூந்திருச்சு."

"அட்டைங்க என்னாச்சு சார்?"

அவர் "வாங்களேன்" என்று மட்டும் சொன்னார்.

மளிகைக் கடை ஒன்றின் பின்னால் இருந்த சின்ன அறை அது. கடைக்காரர் துரைசாமிக்குச் சொந்தம் என்பதால் சும்மா கொடுத்திருந்தார். உர்சுலா போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வடிந்திருந்தது. பலகை அலமாரி முகங்குப்புற விழுந்து கிடந்தது. அதிலிருந்த இருபத்திரண்டு பெட்டிகளும் சேற்றில் ஊறிப் பிளந்திருந்தன. அவள் குனிந்து ஓர் அட்டையை எடுத்தாள். முன்பக்கத்தில் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் நகலெடுத்த கேள்வி அப்படியே இருந்தது. திருப்பினாள். பின்பக்கம் பேனா மை கரைந்து வெறும் நீலக் கறையாக இருந்தது. அடுத்ததைத் திருப்பினாள். அதுவும் நீலம்தான்.

"கேள்வி எல்லாம் தப்பிச்சிருச்சு டீச்சர்" என்றார் துரைசாமி மெதுவாக.

"கேள்வியை வச்சுக்கிட்டு என்ன சார் பண்றது?"

அந்த அட்டைகளைச் சேர்த்தவர்கள் மொத்தம் பதினொரு தமிழாசிரியர்கள். பெரும்பாலும் பள்ளிக்கு ஒருவர். பிள்ளை ஏன் தப்புச் செய்கிறது என்று பக்கத்து மேசையில் கேட்கக்கூட ஆள் கிடையாது. தலைமையாசிரியருக்குத் தமிழ் தெரியாது. அதனால்தான் நான்கு வருடங்களுக்கு முன்பு துரைசாமியும் உர்சுலாவும் இந்த அட்டைகளைத் தொடங்கினார்கள். பாடம் முடிகிற நேரத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்க ஒரே ஒரு சின்னக் கேள்வி. மதிப்பெண் கிடையாது. பிள்ளைக்கு இன்றைக்குப் புரிந்ததா இல்லையா என்று ஆசிரியர் இன்றைக்கே தெரிந்துகொள்வதற்காக மட்டும். அட்டையின் பின்பக்கத்தில், அதை வகுப்பில் கொடுத்துப் பார்த்த ஒவ்வொருவரும் தாங்கள் கண்டதைப் பேனாவால் எழுதுவார்கள். பிள்ளை இப்படி எழுதினால் இது புரியவில்லை என்று பொருள், இதைச் செய்து பாருங்கள், நான் செய்து பார்த்தேன், பலிக்கவில்லை, அதற்குப் பதில் இதைச் செய்தேன். சில அட்டைகளின் பின்பக்கத்தில் ஏழு பேர் கையெழுத்து இருக்கும். கேள்வியை யாரும் ஒரு மணி நேரத்தில் தயாரித்துவிடலாம். போனது நான்கு வருடம்.

அட்டைகள் அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்று சட்டம் போட்டவள் உர்சுலா. தொலைந்துவிடும் என்ற பயம் அவளுக்கு. ஆளுக்கொரு பிரதி இருக்கட்டுமே என்று துரைசாமி ஒருமுறை சொன்னார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பேச்சை இப்போது அவர் எடுக்கவேயில்லை. எடுத்துத் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் வகுப்பில் நஃபீசா என்று ஒரு பிள்ளை. மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்பு முடிவில் பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பிரிவு பிரிவாகப் பிரிக்கப் போகிறார்கள் என்பது அந்த வருடம் எல்லாப் பெற்றோர் வாயிலும் இருந்த பேச்சு. கீழ்ப் பிரிவுக்குப் போனால் அந்தப் பிள்ளை மேலே வருவது கஷ்டம். நஃபீசா வாயைத் திறந்தால் கதை கதையாகச் சொல்வாள். பேனாவை எடுத்தால் ஒரு சொல்லும் சரியாக வராது. அவள் அம்மா சம்சுன்னிசா காலையில் அலுவலகக் கட்டடம் ஒன்றில் கூட்டித் துடைத்துவிட்டு, மத்தியானம் பள்ளி வாசலில் வந்து நிற்பாள்.

"டீச்சர், வீட்ல பேப்பரை எடுத்து வச்சுக்கிட்டு எளுதிக்கிட்டேதான் இருக்கா. பார்த்து எளுதுனா கரெக்டா வருதாம் லா. வாயால சொன்னா வரமாட்டேங்குதாம். மண்டையில ஏதும் கொறையா டீச்சர்?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று உர்சுலா சொல்லியிருந்தாள். ஆனால் என்ன என்று அவளுக்கும் தெரியாது. கீழ் வகுப்புகளை மாலை வேளையில் வேறோர் ஆசிரியர் எடுத்ததால், அதுவரை ஐந்தாம் ஆறாம் வகுப்புகளுக்கே பாடம் எடுத்து வந்தவள். கவனக்குறைவு என்று நினைத்து நூறு நூறு தடவை எழுத வைத்திருந்தாள். இந்தத் தப்பைப் பற்றி ஏதோ ஓர் அட்டையின் பின்பக்கத்தில் எப்போதோ படித்த ஞாபகம் மட்டும் இருந்தது. அந்தச் சனிக்கிழமை அதைத் தேடத்தான் போவதாக இருந்தாள். மழை முந்திக்கொண்டது.

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்தவுடன் தொலைபேசி முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். யாருக்கும் முழுசாக எதுவும் ஞாபகம் இல்லை. "நான் எழுதுனதுதான் டீச்சர், ஆனா என்ன எழுதுனேன்னு..." என்று இழுத்தார்கள். ஒருவர் அழுதேவிட்டார். ஒரு வாரத்தில் அவள் நோட்டில் ஒன்பது அட்டைகள்தான் தேறின. அதுவும் அரைகுறை. வகுப்பில் நஃபீசா சொல்வதெழுதுதலில் இருபதுக்கு இரண்டு வாங்கி, தாளை நாலாக மடித்துப் பையில் ஒளித்து வைத்தாள். உர்சுலா பார்த்தும் பார்க்காதது போல இருந்தாள். வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இன்னும் ஒருத்தரைக் கூப்பிடலையே" என்றான் அவள் கணவன் சவரிராஜ்.

"யாரு?"

"உனக்குத் தெரியும்."

தெரியும். சிவகாமசுந்தரி. குவீன்ஸ்டவுனில் முதல் வகுப்புக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவள். மார்ச் மாதத்தில் ஒரு நாள் அட்டை அறையிலிருந்து கிளம்பும்போது அவள் கைப்பையில் ஆறு அட்டைகள் இருந்ததை உர்சுலா பார்த்துவிட்டாள். எல்லார் முன்னாலும் வெளியே எடுத்து வைக்கச் சொன்னாள். "திங்கக்கிழமை கொண்டாந்துடுவேன் டீச்சர்" என்று சிவகாமசுந்தரி சொன்னபோது, "இதுக்குப் பேரு திருட்டு" என்றாள். சிவகாமசுந்தரி அட்டைகளை மேசையில் வைத்துவிட்டுப் போனவள்தான். திரும்பி வரவேயில்லை.

எட்டாவது நாள் சாயங்காலம் உர்சுலா அந்த எண்ணைச் சுழற்றினாள்.

"நான் உர்சுலா பேசறேன்."

"தெரியுது. துரைசாமி சார் சொன்னாரு. எல்லாம் போயிடுச்சாமே."

"ஆமா. நான்தான் எல்லாத்தையும் ஒரே எடத்துல வைக்கச் சொன்னேன். உங்களையும் அப்படிப் பேசிட்டேன். தப்பு என்னோடது." அவள் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள். "மன்னிப்புக் கேக்கறதுக்கு மட்டும் கூப்பிடலை. அப்படிச் சொன்னா பொய்யாயிடும். ஒரு பிள்ளை இருக்கு. எனக்கு வழி தெரியலை."

"என்ன பண்ணுது பிள்ளை?"

"தேள்னு சொன்னா தகரத்தை மொதல்ல எழுதுது. இரட்டைக் கொம்பைப் பின்னால போடுது. கொம்பு வர்ற எல்லாச் சொல்லும் இப்படித்தான். பார்த்து எழுதுனா சரியா எழுதுது."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. உர்சுலாவுக்கு முதலில் அது என்ன என்று புரியவில்லை.

"எழுதிக்குங்க" என்றாள் சிவகாமசுந்தரி. "இது காதால எழுதற பிள்ளை. வாயில தகரம்தான் மொதல்ல வருது, அதனால கையும் அதையே மொதல்ல எழுதுது. பார்த்து எழுத வச்சு ஏமாறாதீங்க. எழுத்தைத் தனியா, கொம்பைத் தனியா அட்டையில வெட்டிக் குடுங்க. மொதல்ல கொம்பைத் தேடச் சொல்லுங்க, அப்புறம் எழுத்தை. கை பழகுற வரைக்கும் பேனா வேணாம். கடைசி வரி, துரைசாமி சார் எழுதுனது. ரெண்டு மாசம் ஆகும்."

"எங்க இருந்து படிக்கிறீங்க?"

"திருடுனதுல இருந்துதான். ஆறு ஆறா வீட்டுக்குக் கொண்டாந்து காப்பி பண்ணேன். ரெண்டு வருஷமா. நீங்க புடிச்சது கடைசியா எடுத்த ஆறு. நோட்டுல ஒரு நூத்து நாப்பது இருக்கும்."

உர்சுலா தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள். "நான் இப்பவே பஸ் ஏறி வர்றேன். நோட்டைக் குடுங்க."

"நோட்டைக் குடுக்க மாட்டேன் டீச்சர். மறுபடியும் ஒரே எடத்துலயா? அஞ்சு மணியில இருந்து ஏழு வரைக்கும் போன்கிட்ட இருப்பேன். யாருக்கு என்ன வேணுமோ கேக்கட்டும், படிக்கிறேன். அவங்கவங்க எழுதி வச்சுக்கட்டும். எழுதுனவங்க அடுத்தவங்களுக்குப் படிக்கட்டும்."

அப்படித்தான் நடந்தது. சாயங்காலம் ஆனால் சிவகாமசுந்தரி வீட்டுத் தொலைபேசி ஓயாது. அது கிடைக்காவிட்டால் துரைசாமி வீட்டுக்கு, அதுவும் இல்லாவிட்டால் உர்சுலா வீட்டுக்கு. கேட்டவர்கள் தாங்கள் கண்டதையும் சொன்னார்கள். கேள்விப்பட்டு, முகம் தெரியாத ஆசிரியர்களும் கூப்பிட்டார்கள். உர்சுலா இடது காதுக்கும் தோளுக்கும் நடுவே ரிசீவரை இடுக்கிக்கொண்டே காய் நறுக்கினாள், எழுதினாள், படித்தாள். ஆனால் அவள் மனம் முழுக்க அந்த "ரெண்டு மாசம்" என்பதிலேயே நின்றது. இருந்தது நான்கு வாரத்துக்கும் குறைவு. கௌரவம் பார்க்காமல் முதல் நாளே கூப்பிட்டிருந்தால் எட்டு நாள் கூடக் கிடைத்திருக்கும்.

பள்ளி விட்டதும் உணவுக்கூடத்து மேசையில் நஃபீசாவோடு உட்கார்ந்தாள். பழைய நாட்காட்டியை வெட்டி எழுத்துகளும் கொம்புகளும் செய்திருந்தாள். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாரம் நஃபீசா கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இது மொதல்ல வந்து எடம் புடிச்சுக்குமா டீச்சர்?" என்று கேட்டாள். "ஆமாடா, அதேதான்" என்றாள் உர்சுலா. மூன்றாவது வாரம் பேனாவைக் கொடுத்தாள். இருபதுக்கு ஒன்பது. பரீட்சைக்கு முந்தின நாள் பதினொன்று. சம்சுன்னிசா அந்தத் தாளை வாங்கி, எழுத்துத் தெரியாதவளாதலால் சரி போட்ட குறிகளை மட்டும் விரலால் எண்ணினாள்.

நவம்பரில் முடிவு வந்தது. நஃபீசா கீழ்ப் பிரிவு. தமிழில் நான்கு மதிப்பெண் குறைந்திருந்தது.

சம்சுன்னிசா வாசலில் நின்றாள். அழவில்லை. "இன்னும் கொஞ்சம் நாள் இருந்திருந்தா பாஸ் பண்ணியிருப்பாளா டீச்சர்?"

பொய் சொல்ல உர்சுலாவுக்கு வாய் வரவில்லை. "பண்ணியிருப்பா" என்றாள். "நான் லேட்டா கண்டுபுடிச்சேன். தப்பு பிள்ளை மேல இல்ல."

சம்சுன்னிசா பிள்ளையின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள். நஃபீசா மட்டும் ஒருமுறை திரும்பிக் கையசைத்தாள்.

அன்று ஐந்து மணிக்கு உர்சுலா சிவகாமசுந்தரியைக் கூப்பிட்டாள். "அந்த அட்டைக்குக் கீழ ஒண்ணு சேர்த்துக்குங்க" என்றாள். "மூன்றாம் வகுப்புப் பிள்ளை. மூன்றரை வாரம் செய்தேன். போதவில்லை. பள்ளி தொடங்கும் ஜனவரியிலேயே பாருங்கள்."

சிவகாமசுந்தரி எழுதிக்கொள்வது கேட்டது. "பேரு போடட்டுமா?"

"பிள்ளை பேரு வேணாம். என் பேரைப் போடுங்க."

ஜனவரியில் உர்சுலா தலைமையாசிரியரிடம் கேட்டு முதல் வகுப்பை வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமையும் வியாழக்கிழமையும் பள்ளி விட்ட பிறகு, கீழ்ப் பிரிவில் இருந்த நஃபீசாவோடு அரை மணி நேரம் உட்கார்ந்தாள். அதனால் அவள் பிரிவு மாறப்போவதில்லை என்று இருவருக்கும் தெரியும். நஃபீசா ஒவ்வொரு முறையும் ஒரு கதை எழுதினாள். அதில் பாதிச் சொற்கள் இன்னும் தப்பாகத்தான் இருந்தன.