சுகுணா வீட்டு இரண்டரை மணி வெயில்

சுகுணாவின் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டுமே தயிர் உறைந்தது. காலைப் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, பத்து மணிக்கு உறை ஊற்றி மூடிவைப்பாள். மற்ற ஆறு நாளும் மாலையில் திறந்தால் மேலே தண்ணீரும் அடியில் திரிந்த பாலும்தான் இருக்கும். பாலை மாற்றினாள், பாத்திரத்தை மாற்றினாள், பக்கத்து வீட்டு உறைமோரையும் வாங்கிப் பார்த்தாள். குன்றாண்டார்கோவிலுக்குக் கிழக்கே இருக்கும் அந்தத் தெருவில் இதற்கு உடனே ஒரு காரணம் கிடைத்தது. வெள்ளி அம்மனுக்கு உகந்த நாள், அன்றைக்கு மட்டும் ஆத்தா இரக்கப்படுகிறாள் என்றார்கள். மாமியார் ராஜலட்சுமி மூன்று வெள்ளி மாவிளக்குப் போட்டார். வெள்ளிக்கிழமைத் தயிர் இன்னும் கெட்டியானது. சனிக்கிழமை வழக்கம்போலத் திரிந்தது.

ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளாண்ட் ஆபரேட்டராக இருந்த சுகுணாவின் தம்பி கோபிநாத், ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்து காலண்டர் ஆணியில் மாட்டினான். நண்பகலில் முப்பத்தைந்து காட்டியது. இரண்டரைக்கு நாற்பத்தொன்பது. மூன்றரைக்கு ஐம்பத்தொன்று. வாசற்படியைத் தாண்டித் தெருவில் பிடித்தால் மறுபடி முப்பத்தைந்து. ஐந்தரைக்கு மேல் வீடும் தெருவும் ஒன்றாயின. உறைமோரில் இருக்கும் கிருமிதான் பாலைத் தயிராக்குகிறது, ஐம்பது டிகிரியில் அது செத்துவிடும் என்று அக்காவுக்கு விளக்கினான். வெள்ளிக்கிழமையும் இருந்து பார்த்தான். வெப்பமானி நாள் முழுக்க முப்பத்தைந்தைத் தாண்டவில்லை.

"அக்கா, மச்சானுக்கு லீவு என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை."

"அங்க மதியம் பன்னெண்டுன்னா இங்க மணி என்ன?"

"ரெண்டரை" என்று சொல்லிவிட்டு, சுகுணா வெப்பமானியைப் பார்த்தாள்.

அவள் கணவன் முத்துராமன் வளைகுடாவில் ஒரு எண்ணெய்க் கிடங்கு கட்டும் இடத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். கோடையில் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை வெட்டவெளியில் யாரையும் வேலை வாங்கக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். அன்றிரவு போனில் கேட்டாள். "கஷ்டமா இருக்காங்க?"

"இல்ல புள்ள. மார்கழி மாசமாட்டம் சட்டைக்குள்ள குளிருது. அதான் சூப்பர்வைசர் மதியத்துல எங்க தெரு ஆளுங்களத்தான் மேல ஏத்துறான்."

கம்பெனிக்குக் காரணம் தேவைப்படவில்லை. இந்தத் தெருக்காரர்கள் மயங்கி விழுவதில்லை என்பது மட்டும் தெரிந்தது. நிழல் வலையைக் கழற்றினார்கள், குடிதண்ணீர்த் தொட்டியை எடுத்தார்கள், அதே தெருவிலிருந்து மேலும் ஆள் கேட்டார்கள். இரண்டு வருடத்தில் பதினொரு வீடுகளில் மதியம் தயிர் உறைவது நின்றது. வேலையிடத்து வாசலில் 'விபத்தில்லாத 700 நாள்' என்று பலகை வைத்தார்கள்.

ஆவணியில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தபோது ராஜலட்சுமி வெயில் தாக்கி இறந்தார். உடம்பைத் தொட்டவர்கள் கையை உதறிக்கொண்டார்கள். டாக்டர் குடையை மடக்கியபடி, "இந்த மழையில வெயில் அடிச்சுச் செத்தாங்கன்னு எழுதுனா என்னையத்தாம்மா ஆஸ்பத்திரியில சேப்பாங்க" என்றார். இயற்கை மரணம், மாரடைப்பு என்று எழுதிக்கொடுத்தார்.

சுகுணா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, புதுக்கோட்டையில் கம்பெனிக்கு ஆள் எடுக்கும் ஏசி அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்த மேலாளர் முழுவதும் படித்தார்.

"வேலை செய்யிற எடத்துல நடந்தாத்தாம்மா எங்க பொறுப்பு."

"வெயிலு ஒங்க எடத்துல இருந்துதானங்க வருது?"

"வெயிலு சூரியன்ல இருந்து வருது. அங்கிட்டுப் போய்க் கேளுங்க" என்றார் மேலாளர். போகும்போது கம்பெனி காலண்டர் ஒன்றும் கொடுத்தார்.

அதே மாதம், எதிர்வீட்டு அய்யப்பனின் மனைவி வீட்டைப் பூட்டிவிட்டுக் கீரனூரில் வாடகைக்குப் போனாள். கீரனூர் வீட்டுக்கு வெயில் வரவில்லை. பூட்டிய வீட்டின் கதவில் பெயின்ட் உரிந்தது. ஆகவே வெயில் ஆளைத் தேடி வருவதில்லை, ஒப்பந்தத் தாளில் எழுதிய முகவரிக்கு வருகிறது என்று தெரிந்தது. நான்காம் நாள் கதவு குளிர்ந்துவிட்டது. அன்றைக்கு வளைகுடாவில் அய்யப்பன் சாரத்திலிருந்து சரிந்து விழுந்தான். இரண்டு சிறுநீரகமும் கெட்டு ஊருக்கு அனுப்பப்பட்டான். ஆளில்லாத வீட்டுத் தபாலைப் போல, வாங்க யாருமில்லாத வெயில் அனுப்பிய இடத்துக்கே திரும்பியிருந்தது.

அதன் பிறகு யாரும் வீட்டைப் பூட்டவில்லை. சுகுணா தினமும் இரண்டரைக்கு நனைந்த புடவையோடு, கால்களைத் தண்ணீர் அண்டாவில் வைத்துக்கொண்டு நடுவீட்டில் உட்காருவாள். அவள் எழுந்து போனால் முத்துராமன் விழுவான். ஐந்தரைக்கு எழும்போது புடவை காய்ந்து, உப்புப் பூத்திருக்கும். புரட்டாசிக்குள் அவளுக்குச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போக ஆரம்பித்தது.

"இப்படியே இருந்தா நீ ஐப்பசி பாக்க மாட்டேக்கா" என்றான் கோபிநாத். ஐஸ் பிளாண்ட் குளிரைத் தயாரிப்பதில்லை என்று அவளுக்குப் பொறுமையாகச் சொன்னான். அது தண்ணீரிலிருக்கும் சூட்டை உறிஞ்சி, குழாய் வழியாகக் கொண்டுபோய் வெளியே கொட்டுகிறது. சூட்டை அழிக்க முடியாது, இடம்தான் மாற்ற முடியும். "எங்க கொட்டணும்னுதான் நாம முடிவு பண்ணணும்."

அந்த வாரம்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தாளை முத்துராமன் போனில் படமெடுத்து அனுப்பினான். ஏழாவது கட்டம் முகவரி. கோபிநாத் தாளின் தலையில் அச்சாகியிருந்த கம்பெனித் தலைமை அலுவலக முகவரியைக் காட்டினான். "இதையே அங்க எழுதச் சொல்லு. அந்தக் கட்டத்த எவனும் படிக்கிறதில்ல." அய்யப்பன் போக மிச்சமிருந்த பத்து வீட்டு ஆட்களும் அப்படியே எழுதினார்கள். உண்மையிலேயே யாரும் படிக்கவில்லை.

சுகுணாவின் வீட்டில் ஒரு திங்கட்கிழமை தயிர் உறைந்தது. தலைமை அலுவலகத்தில், பதினான்காம் மாடிக்குள் நுழைந்ததும் முதலில் இருந்த சமையலறையில் வெயில் இறங்கியது. மூன்றாம் நாள், தேநீர் போடும் ஆரோக்கியதாஸ் கெட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்து இறந்தார். மணமேல்குடிக்காரர். இயற்கை மரணம், மாரடைப்பு என்று எழுதினார்கள். வேறொருவரைத் தேநீர் போட வைத்தார்கள். வேலையிடத்தில் எதுவும் மாறவில்லை.

போனில் இதைக் கேட்ட சுகுணா மறுநாளே மணமேல்குடிக்குப் போனாள். ஆரோக்கியதாஸின் மனைவியிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். அந்தப் பெண் அவளை அடிக்கவில்லை. உள்ளே கூப்பிடவும் இல்லை. வாசலில் நிற்க வைத்தே கேட்டாள், "ரூம் நம்பர் போடலியா நீங்க?"

"தெரியாதுங்க."

"ஆயிரத்து நானூத்தி ஏழு. மொதலாளி ரூமு. எட்டு வருசம் அதுக்குள்ளதான் டீ கொண்டுபோனாரு. சீனி கொறச்சலா."

முகவரித் திருத்தம் பத்துப் பேருக்கும் வாட்ஸ்அப்பில் போயிற்று; ஏழாவது கட்டத்தில் அறை எண்ணையும் சேர்த்து எழுதினார்கள். முதல் நாள் முதலாளியின் மீன் தொட்டி வெந்தது. இரண்டாம் நாள் மதியம் அவர் பத்து நிமிடம் மயங்கினார். எழுந்ததும், வெயில் ஆளைக் கொன்றுவிடும் என்றார். மூன்றாம் நாள் வேலையிடத்தில் நிழல் வலை கட்டினார்கள், தண்ணீர்த் தொட்டி வைத்தார்கள், பன்னிரண்டுக்குச் சங்கு ஊதி மூன்று வரை எல்லோரையும் கீழே இறக்கினார்கள். தொழிலாளர் நலன் எங்கள் பாரம்பரியம் என்று ஒரு சுற்றறிக்கையும் வந்தது.

அந்தத் தெருவிலிருந்து புதிதாகப் போகிறவர்களுக்கு இப்போது முதலில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்: ஏழாவது கட்டத்தில் வீட்டு முகவரியை எழுதக் கூடாது. தாளின் தலையில் இருக்கும் முகவரியைப் பார்த்து அப்படியே எழுத வேண்டும். அறை எண்ணை விட்டுவிடக் கூடாது.