படியில் இருந்த தலையணை

இரவுப் பணி முடிந்து காலை ஒன்பது மணிக்கு அறைக்கு வந்து, சீருடையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் படுத்தால், பிற்பகல் மூன்று வரை தூங்குவாள் அந்த நர்ஸ். வயது நாற்பத்தொன்று. தனியாள். வாடகைக்கு இருந்தது ஒரு வீட்டின் பின்னறை. அதற்கும் வீட்டுக்காரம்மா இருந்த பகுதிக்கும் நடுவே ஒரு கதவு. அந்தப் பக்கம் மாடிப்படி கட்டியபோது அதை ஆணியடித்து மூடிவிட்டார்கள். கதவுக்கு மேலே இருந்த கண்ணாடிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

குடிவந்த நான்காவது மாதம் அது தொடங்கியது. தூக்கத்தின் நடுவே திடுக்கென்று விழிப்பு வரும். யாரோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும். எழுந்து தாழ்ப்பாளைப் பார்ப்பாள், ஜன்னலைப் பார்ப்பாள், கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு வேர்க்க வேர்க்கப் படுத்திருப்பாள்.

அக்காவிடம் போனில் சொன்னாள். தனியாக இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்றாள் அக்கா. எதைச் சொன்னாலும் கடைசியில் தங்கை கல்யாணம் செய்துகொள்ளாததில்தான் கொண்டுபோய் நிறுத்துவாள். வார்டில் தலைமை நர்ஸிடம் சொன்னாள். "உன்ன யாரு பாக்கப் போறா? எங்க வீட்டுல இருபது வருஷமா என்னையே யாரும் நிமிர்ந்து பாக்கல" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள். டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் விழிப்பு வரவில்லை. ஆனால் எழும்போது, உடம்பைக் காவலில்லாமல் போட்டுவிட்டு எங்கோ போய்வந்ததுபோல் இருந்தது. நிறுத்திவிட்டாள்.

அதன்பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை. தனக்குத்தான் புத்தி பிசகுகிறதோ என்ற பயம் வந்துவிட்டது. பேச்சுத்துணை என்று இருந்தது வீட்டுக்காரம்மா மட்டுந்தான். அவருடைய கணவர் இறந்துவிட்டார், மகள் வெளியூரில். மாலையில் வாசலில் பார்த்தால், இன்றைக்கு நன்றாகத் தூங்கினாய் போலிருக்கிறதே என்பார். தன்னை விசாரிக்கவும் ஓர் ஆள் இருக்கிறதே என்று அவளுக்கு இதமாக இருக்கும்.

ஒரு சனிக்கிழமை டியூப்லைட் மாற்ற எலக்ட்ரீஷியன் வந்தார். ஏணியில் நின்றவர் கதவுக்கு மேலிருந்த கண்ணாடியையே பார்த்தார்.

"இங்க பெயிண்ட சுரண்டியிருக்காங்கம்மா. அந்தப் பக்கத்துல இருந்து."

அவர் இறங்கியதும் இவள் ஏறினாள். கட்டைவிரல் அகலத்துக்குப் பெயிண்ட் போயிருந்தது. கண்ணை வைத்துப் பார்த்தாள். கண்ணாடிக்கு நேராக வந்த மாடிப்படியில் ஒரு தலையணையும் காலி டம்ளரும் இருந்தன.

போய்க் கேட்டபோது வீட்டுக்காரம்மா மறுக்கவில்லை. புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"தப்பா நினைக்காதம்மா. வீட்டுல ஒரு ஆள் தூங்கறதப் பாத்துட்டிருந்தா மனசு அடங்குது. அவ்வளவுதான்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா விட்டிருப்பியா?"

அவளுக்குத் திட்ட வேண்டும்போல் இருந்தது, எதிரே நின்ற முகத்தைப் பார்த்ததும் திரும்பி நடந்தாள். அறைக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டாள். இப்போதாவது நம்புவாள் என்றிருந்தது.

அக்கா நம்பினாள். "அட, அந்தம்மாவா? எவனோ ஆம்பளைன்னு ஒரு நிமிஷம் பதறிட்டேன். பாவம், வயசானவங்க. விடு பாப்பா, இதப் போய் பெருசு பண்ணாத."

வார்டிலும் அதேதான். நடக்கவே இல்லை என்றவர்கள், இப்போது நடந்ததில் ஒன்றுமில்லை என்றார்கள். எத்தனை பகல் தன்னையே பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு கிடந்தாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மாதம் முடிந்ததும் நர்ஸ்கள் விடுதிக்கு மாறினாள். சாவியை வாங்கிக்கொண்ட வீட்டுக்காரம்மா, அவ்வப்போது வந்துவிட்டுப் போ என்றார். சரி என்றாள். போகவில்லை.

விடுதியில் ஓர் அறைக்கு மூன்று பேர். பகலெல்லாம் ஒருத்தி வருவாள், ஒருத்தி போவாள். அந்தச் சத்தத்திலும் அவளுக்குத் தூக்கம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போன் செய்வாள், எப்படி இருக்கிறாய் என்று கேட்பாள். நன்றாக இருக்கிறேன் என்பாள். அதற்குமேல் அக்காவிடம் அவள் எதையும் சொல்வதில்லை.