அது தியாகம் இல்லை

என் வீட்டுக்காரரைத் தியாகி என்று முதலில் சொன்னவள் என் நாத்தனார். அது அவளோடு நின்றிருந்தால் நான் கண்டுகொண்டிருக்க மாட்டேன். தன் தம்பியைப் பற்றி எதைச் சொன்னாலும் ஒரு சுற்றுப் பெரிதாகத்தான் சொல்வாள். ஆனால் நினைவுக் கூட்டத்துக்கு மருத்துவமனை அனுப்பிய அழைப்பிதழிலேயே அந்த வார்த்தை இருந்தது. ‘தன் முறையை விட்டுக்கொடுத்த தியாகச் சுடர்.’ படித்ததும் எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது.

“நல்லாத்தானே போட்டிருக்காங்க? சுடர்னா எவ்வளவு கௌரவம்” என்றாள் நாத்தனார்.

“அணைஞ்சு போனதுக்குத்தான் சுடர்னு பேர் வைக்கறாங்க, அண்ணி.”

“உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?”

வராது. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். யாராவது ஒருவர் என்னைக் கொண்டுபோய் லாரியில் மோதப் பார்ப்பதும், நான் என் பக்கத்துப் பிரேக்கை மிதித்தபடி கத்துவதும் எனக்குத் தினசரி வேலை. அவர் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் சண்டை என்றால் அதை நான் ஒருத்திதான் போட வேண்டும். இதய மாற்று ஆபரேஷன் ஆன பிறகு அதற்கும் ஒரு சாக்குக் கண்டுபிடித்தார்.

“மாத்தின இதயம்டி. நரம்பையெல்லாம் வெட்டித்தான் வெச்சிருக்காங்க. நீ கத்தற விஷயம் அங்க போய்ச் சேரவே நேரமாகும். அதுக்குள்ள நீயே ஓய்ஞ்சுடுவ.”

இதில் பாதிதான் கேலி. மாற்றிய இதயத்துக்கும் மூளைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பயம், ஓட்டம், கோபம் எதுவானாலும் அது தாமதமாகத்தான் வேகம் எடுக்கும். அதனால் அவரும் அவரைப் போன்றவர்களும் படி ஏறுவதற்கு முன் நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைப்பார்கள். வண்டியைச் சூடாக்குவது என்று அதற்கு அவர் பெயர் வைத்திருந்தார். இன்னொரு விஷயமும் உண்டு. அந்த இதயத்தின் ரத்தக்குழாய் அடைத்தாலும் பெரும்பாலும் நெஞ்சு வலிக்காது. வலியைச் சொல்லும் நரம்பே இல்லையே.

இதையெல்லாம் நான் டாக்டர்களிடம் கற்றதைவிட அவரிடம் கற்றதுதான் அதிகம். வேலை முடிந்ததும் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு இதய வார்டுக்குப் போய்விடுவார். கால் வீங்கி, இரண்டு வார்த்தை பேசினாலே மூச்சு முட்டி, யாருடைய இதயமோ வருவதற்காகக் காத்துக் கிடப்பவர்கள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். சட்டைப் பித்தானைக் கழற்றித் தழும்பைக் காட்டுவார். “ஜிப் வெச்சுத் தெச்சுடுங்கன்னு கேட்டேன், டாக்டரம்மா கேக்கல” என்பார். மாத்திரை தின்றால் கை ஏன் நடுங்கும், ஆபரேஷன் முடிந்து கண் விழிக்கும்போது ஏன் அழுகை வரும் என்பதையெல்லாம் யாரும் சொல்வதற்கு முன் இவர் சொல்லிவிடுவார்.

அப்படி அவர் மீட்டெடுத்தவர்களில் ஒருத்தி டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் சின்ன வயதுப் பெண். “செத்தவங்க இதயம் எனக்கு வேண்டாம்” என்று போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாளாம். இவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து லிஃப்ட் எப்படி மேலே போகிறது, மறுபக்கம் எடைக்கல் எப்படிக் கீழே வருகிறது என்று விளக்க ஆரம்பித்திருக்கிறார். கயிற்றின் முறுக்கு வரைக்கும் வந்தபோது டீச்சர் போர்வையை விலக்கிவிட்டுச் சொன்னாளாம்: “அண்ணே, நீங்க இதை நிறுத்தறதா இருந்தா நான் எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்.”

இப்படிப்பட்ட மனுஷனைப் புகழ்ந்தால் எனக்கு என்ன கசக்கிறது? சொல்கிறேன்.

அன்று காலை ஷூ மாட்டக் குனிந்தவருக்கு மூச்சு வாங்கியது. நிமிர்ந்தபோது முகம் சாம்பல் பூத்திருந்தது. சட்டை முழுக்க வியர்வை. நான் எதையும் கேட்காமல் வண்டியில் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் பறந்தேன். அவசரப் பிரிவு வாசலில் இறக்கிவிட்டு, “உள்ள போய்ச் சொல்லுங்க, வண்டியை நிறுத்திட்டு வந்துடறேன்” என்றேன்.

வரவேற்பு மேஜையில் இருந்த பெண்ணுக்கு அவரை நன்றாகத் தெரியும். தினமும் வருகிற ஆள் அல்லவா. “வாங்க சார், இன்னிக்கு யாரைப் பார்க்க?” என்று சிரித்திருக்கிறாள். “இன்னிக்கு என்னையேதான்” என்று இவரும் சிரித்திருக்கிறார். அவள் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டாள். இவர் மூச்சு வாங்குவதைச் சொன்ன பிறகுதான் எல்லோரையும் கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“நெஞ்சு வலி இருக்கா சார்?”

“வலி இல்லம்மா. களைப்பா இருக்கு.”

உண்மையைத்தான் சொன்னார். அவள் உட்காரச் சொன்னாள், இவரும் உட்கார்ந்தார். இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வண்டியை நிறுத்திவிட்டு நான் உள்ளே ஓடியபோது, இவர் முன்பின் தெரியாத ஒரு அம்மாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

“உங்களை இன்னும் கூப்பிடலையா?”

“கூப்பிட்டாங்க. இந்தம்மா வீட்டுக்காரரை அனுப்பிட்டேன். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுத் துடிச்சாரு. அவருக்கு வலி.”

“உங்களுக்கு வராதுங்க, அதானே உங்க வியாதி” என்று நான் கத்த ஆரம்பித்தேன். மெதுவாகப் பேசு என்று கையைக் காட்டினார். அந்தக் கை பாதியில் அப்படியே கீழே இறங்கியது. அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் எல்லோரும் ஓடினார்கள், டாக்டரம்மாவும் மாடியிலிருந்து ஓடி வந்தாள். ஓடி என்ன செய்ய?

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவருக்கு வாயுத் தொல்லை. மாத்திரை கொடுத்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் நன்றாக இருக்கட்டும். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

கூட்டத்துக்குப் போகவே கூடாது என்றிருந்தேன். நாத்தனார்தான் இழுத்துக்கொண்டு போனாள். மருத்துவமனை அரங்கில் அவருடைய பெரிய படம். மாலை கிடையாது, பூவிலும் மண்ணிலும் இருக்கும் கிருமி தங்களைப் போன்றவர்களுக்கு ஆகாது என்பது அவர் போட்ட சட்டம். முன்வரிசையில் இதயம் மாற்றியவர்கள் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பேசப் போகிற ஒவ்வொருவரும் மேடைப் படிக்குக் கீழே நின்று கால்களை மாற்றி மாற்றித் தூக்கி வைத்துவிட்டு ஏறினார்கள். பார்க்கச் சிரிப்பாக இருந்தது.

நிர்வாகி ஒரு பித்தளைப் பலகையின் திரையை விலக்கினார். அதை அவசரப் பிரிவுக் காத்திருப்புக் கூடத்தில் மாட்டப் போகிறார்களாம். ‘வலியில் துடித்தவருக்குத் தன் முறையை விட்டுக்கொடுத்த பெருந்தகை அமர்ந்திருந்த இடம்.’ கைதட்டினார்கள். நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள்.

அடுத்து டீச்சர் ஏறினாள். அழுதுகொண்டே பேசினாள். கடைசியில் சொன்னாள்: “எனக்கும் ஒரு நாள் அப்படி ஒரு நேரம் வந்தா, அண்ணன் செஞ்சதைத்தான் நானும் செய்வேன். இது சத்தியம்.”

முன்வரிசையில் எல்லாத் தலைகளும் ஆடின. ஆமாம், நாங்களும்தான் என்பதுபோல.

நான் எப்போது எழுந்தேன், எப்போது படி ஏறினேன் என்று தெரியாது. மைக் என் கையில் இருந்தது.

“இந்தப் பலகையைக் கழட்டுங்க.”

நிர்வாகி பக்கத்தில் வந்து, “மேடம், நீங்க உணர்ச்சிவசப்பட்டிருக்கீங்க” என்றார்.

“பின்ன எப்படி வசப்படணும்? உங்க ஆளுங்க கேட்ட ஒரே கேள்வி வலிக்குதாங்கறது. வலிக்காத இதயத்தை வெச்சுத் தெச்சவங்களே நீங்கதான். நீங்க கேக்காம விட்டதை மறைக்கறதுக்கு அவரைப் பெருந்தகை ஆக்கறீங்க.”

“அப்படி இல்ல மேடம், அவராவே முன்வந்து...”

“ஆமா. அவராத்தான் தப்புப் பண்ணினாரு. அதையும் நானே சொல்றேன்.” முன்வரிசையைப் பார்த்தேன். “கேட்டுக்குங்க. அவர் செஞ்சது தியாகம் இல்ல. தப்பு. அந்த இதயம் அவர் சம்பாதிச்சதா? யாரோ ஒரு வீட்டுல, கண்ணெதிரே படுத்துக் கிடந்த பிள்ளையோ புருஷனோ இனி பிழைக்க மாட்டாங்கன்னு தெரிஞ்ச பிறகு, அழுதுக்கிட்டே எடுத்துக் குடுத்தது. அதைக் கதவுக்கு வெளியில நாற்காலியில உட்கார வெச்சு, நீங்க போங்க நீங்க போங்கன்னு சொல்ல இவருக்கு என்ன உரிமை? அந்த முறையை விட்டுக்கொடுக்க இவர் யாரு?”

டீச்சர்தான் முதலில் வாய் திறந்தாள். முகக்கவசத்துக்கு மேலே கண் சிவந்திருந்தது.

“அக்கா, போதும். அவர் படத்துக்கு முன்னாடி நின்னு அவரைச் சின்ன ஆளாக்காதீங்க. நீங்க அவரோட குடும்பம் நடத்தினீங்க, சரி. எங்களுக்கு உயிரைக் குடுத்தவர் அவர்.”

“அதனாலதான்டி சொல்றேன். அவர் பேரைச் சொல்லிக்கிட்டு ஒவ்வொருத்தரா போய்ச் சாகறதுக்கா அவர் தினமும் ஸ்டூல்ல உட்கார்ந்தாரு? சத்தியம் பண்றாளாம் சத்தியம். வாபஸ் வாங்கு.”

“மாட்டேன்.”

“அப்போ இதைச் சொல்லு. ‘எனக்கு மாத்தின இதயம், வலிக்காது, என்னை இப்பவே பாரு.’ மேஜையைத் தட்டிச் சொல்லு. எவன் துடிச்சுக்கிட்டு இருந்தாலும் சொல்லு.”

“அது அசிங்கம்” என்றாள் டீச்சர். பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவளோடு இன்னும் சிலரும் போனார்கள்.

மேடை ஓரத்தில் டாக்டரம்மா எழுந்து நின்றாள். அவருக்கு ஆபரேஷன் செய்தவள். அதுவரை குனிந்தே உட்கார்ந்திருந்தாள்.

“அவங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூடத் தப்பில்ல. இதை நான்தான் முதல்ல சொல்லியிருக்கணும். அந்தப் பலகை மாட்டினா நான் அந்தக் கூடத்து வழியா நடக்க மாட்டேன்” என்றாள். “மாத்தின இதயமான்னு முதல்ல கேளுங்கன்னு வரவேற்புல சொல்லச் சொன்னேன். இன்னும் பரிசீலனையில இருக்காம். இதுல பரிசீலிக்க என்ன இருக்கு?”

நிர்வாகி நன்றி நவில வேண்டியவரைத் தேடினார்.

வீடு திரும்பி வண்டியை விட்டு இறங்கும்போது நாத்தனார், “தம்பியை ரெண்டாவது தடவை சாகடிச்சுட்ட” என்றாள். அன்று போனவள் பிறகு வரவே இல்லை. பலகையை மாட்டவில்லை என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினாள். வரவேற்பில் அதே பழைய கேள்விதான் என்றும் சொன்னாள். டீச்சருக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்தேன். எடுக்கவே இல்லை. ஊர் முழுக்க என்னைத் திட்டட்டும், அந்தப் பெண் மட்டும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது என்ற ஒரே நினைப்பு என்னை அரித்துக்கொண்டிருந்தது.

மழைக்காலம் முடிகிற சமயம். ஒரு வங்கி மேலாளரம்மாவுக்கு வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் கண்ணாடியைப் பார்க்காமல் கடவுளைப் பார்த்து ஓட்டுகிற ரகம். போன் அடித்தது. டீச்சர்.

“வண்டியை ஓரங்கட்டுங்க” என்றேன்.

“அக்கா.” குரல் கட்டிப்போயிருந்தது. “இன்னிக்கு நான் ஒரு பெரியவரைத் தள்ளிட்டு உள்ள போனேன்.”

“எங்க?”

“அவசரப் பிரிவுல. நேத்துலேருந்து மூச்சு சரியில்ல, கால் வீங்கிடுச்சு. அந்தப் பொண்ணு வலிக்குதான்னு கேட்டா. எனக்கு முன்னாடி ஒரு பெரியவர், நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு முனகறார். நான் உட்கார்ந்துட்டேன் அக்கா. அண்ணன் உட்கார்ந்த அதே வரிசை. உட்கார்ந்ததும் நீங்க கத்தினது காதுல விழுந்தது. எந்திரிச்சுப் போய் மேஜையைத் தட்டிட்டேன். எல்லாரும் பார்க்கறாங்க. கதவைத் திறந்துக்கிட்டு நானே உள்ள போயிட்டேன். பெரியவர் கால்ல இடிச்சுட்டேன். படிச்ச பொண்ணு மாதிரி இருக்கே, வெக்கமா இல்லையான்னு கேட்டார்.”

“டாக்டரம்மா என்ன சொன்னா?”

“உடம்பு இதயத்தை ஏத்துக்காம தள்ள ஆரம்பிச்சிருக்காம். மருந்து ஏறிக்கிட்டு இருக்கு. நேரத்துல வந்தே, இனி சமாளிச்சுக்கலாம்னாங்க.”

“அந்தப் பெரியவர்?”

“அவரையும் உடனே உள்ள கூட்டிட்டு வந்துட்டாங்க. பக்கத்துப் படுக்கைதான். நல்லாத்தான் இருக்கார். இன்னும் என்னை முறைச்சுக்கிட்டே இருக்கார்.”

“முறைக்கட்டும். பதிலுக்கு நீயும் முறை.”

அவள் சிரித்தாள், உடனே இருமினாள். இருமல் அடங்கியதும், “அண்ணன் இருந்தா என்னைப் பத்தி என்ன நினைச்சிருப்பார் அக்கா?” என்று கேட்டாள்.

“பேசாம படு. சாயங்காலம் வர்றேன்” என்று போனை வைத்தேன்.

மேலாளரம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் தண்ணி குடிங்க மேடம்” என்றாள். எனக்குத் தண்ணீர் வேண்டாம். இத்தனை நாள் மருத்துவமனையையும் நாத்தனாரையும் மேஜைக்காரப் பெண்ணையும் திட்டிக்கொண்டே சுற்றி வந்தேன். அடியில் என் வீட்டுக்காரர்மேல் இருந்த கோபம் இப்போதுதான் மேலே ஏறி வந்தது. கதவைத் திறந்து இறங்கினேன். வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, பக்கத்தில் அவர் நிற்பதுபோல வாய்விட்டே கேட்டேன்.

“ஒரு சின்னப் பொண்ணு, நாலு பேர் முன்னாடி அவமானப்பட்டு உள்ள போயிருக்கா. கதவு அங்கேயேதான இருந்துச்சு? உங்க பேரைத்தான கூப்பிட்டாங்க? நான் வண்டியை நிறுத்திட்டு வந்துக்கிட்டேதான இருந்தேன்?”