வெர்னாவின் புக்மார்க்குகள் திரும்பி வந்த விதம்

வெர்னா டாப்ஸ்காட்டின் வீட்டுக் கணினியில் இருந்த புக்மார்க்குகள் அவளுடைய போனுக்கு வர மறுத்தன. அவள் ஊரான ஜீவ்ஸ்டனில் கடைக்காரரிடமும் தபால் நிலையத்திலும் பெட்ரோல் போடும் இடத்திலும் அவள் இதைச் சொல்லிப் பார்த்துவிட்டாள். எல்லாரும் அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார்கள். கடைக்காரர் மட்டும் தனக்கும் முட்டி வலி என்றார். அவருக்குக் காது சரியாகக் கேட்காது.

வெர்னாவுக்கு அது பொழுதுபோக்கு விஷயமில்லை. சாலையில் அடிபட்டுச் சாகும் வாலபி என்னும் சின்னக் கங்காரு, வளை தோண்டும் வாம்பட் போன்றவற்றின் வயிற்றுப் பையில் உயிரோடு கிடக்கும் குட்டிகளை எடுத்து வளர்த்துக் காட்டில் விடுவதுதான் அவள் வேலை. சம்பளம் கிடையாது. ஒவ்வொரு இனத்துக்கும் பால்மாவு வேறு. கண் திறக்காததற்கு ஒரு அளவு, ரோமம் முளைத்ததற்கு இன்னொரு அளவு. இதையெல்லாம் சொல்லும் இணையப் பக்கங்களைப் பல வருடங்களாகப் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் அவள் சாலையோரத்தில் குட்டியும் கையுமாக நிற்கும்போது அவை வீட்டில், மேசை மேல் இருந்தன.

கடைசியில் நூலகத்துக்குப் போனாள். அங்கே கணினிச் சந்தேகங்களைத் தீர்க்கும் பெத்தானி போனை வாங்கி எதையோ தட்டினாள்.

"வந்துடுச்சு வெர்னா. ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டா வந்திருக்கு. ஆனா வந்துடுச்சு."

"எனக்கு எதுக்கு ரெண்டு?"

"அப்படியே விட்டுடுங்க. அது பாட்டுக்குக் கெடக்கும்."

வெர்னா எதையும் அப்படியே விடுகிற ஆளில்லை. காருக்குள் உட்கார்ந்து ஒரு பிரதியை அழித்தாள். அழித்த பிறகும் பட்டியல் முன்பு போலவே தெரிந்தது. அழியவில்லை போலிருக்கிறது என்று மறுபடியும் அழித்தாள். இந்த முறை நன்றாகவே அழிந்தது.

வீட்டுக்குப் போய்க் கணினியைப் பார்த்தால் அங்கேயும் ஒன்றுமில்லை. கணினியையும் போனையும் ஒன்றுபோல வைக்க வேண்டிய, இத்தனை நாளாக எதையும் கொண்டுபோய்ச் சேர்க்காத சிங்க், அவள் அழித்ததை மட்டும் அவளுக்கு முன்பாகவே வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

மறுநாள் காலை ஒரு மரலாரி ஓட்டுநர் வாலபிக் குட்டி ஒன்றைத் தொப்பியில் வைத்துக் கொண்டுவந்தார். உடம்பில் ரோமமே இல்லை. பேதி வேறு. இதற்கு என்ன செய்வதென்று குவீன்ஸ்லாந்தில் ஒரு அம்மாள் தெளிவாக எழுதி வைத்திருந்தாள். அந்தப் பக்கத்தின் பெயர் வெர்னாவுக்குத் தெரியாது. பட்டியலில் மஞ்சள் நட்சத்திரம் போட்ட பக்கத்துக்குக் கீழே மூன்றாவது என்றுதான் தெரியும். தேடிப் பார்த்தாள். பாலை நிறுத்து என்றது ஒரு பக்கம். நிறுத்தினால் செத்துவிடும் என்றது அடுத்தது. மூன்றாவது பக்கம் அவளுக்கு நாய்ச் சோறு விற்கப் பார்த்தது.

நூலகத்துக்குப் போன் செய்தாள்.

"உங்க அக்கவுண்ட் போட்ட பழைய மெஷின் வேற எங்கயாவது இருக்கா? ரொம்ப நாளா நெட்டுல சேராதது?" என்று கேட்டாள் பெத்தானி.

"இருக்கு."

"அப்ப அதுல எல்லாம் பத்திரமா இருக்கும். ஆனா நெட்டு மட்டும் வந்துடக் கூடாது. வந்துச்சுன்னா எல்லாம் போயிடுச்சுங்கற சேதி அதுக்கும் போயிடும்."

"இருக்கு" என்று மறுபடியும் சொன்னாள் வெர்னா, அவ்வளவாக மகிழ்ச்சியில்லாமல். அந்த லேப்டாப் அவள் தம்பி லைலிடம் இருந்தது.

லைலுக்கு சிக்னெட் பக்கம் செர்ரித் தோட்டம். தளிரைத் தின்ன வரும் வாலபிகளை உரிமம் வாங்கிச் சுடுகிறவன். இரண்டு வருடம் முன்பு ஊர்க்கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது எழுந்து நின்று, "அக்கா வளக்கறா, நான் சுடறேன். குடும்பத் தொழிலுங்க" என்றான். கூடமே சிரித்தது. அதற்குப் பிறகு வெர்னா அவனோடு பேசவில்லை.

இப்போது பேச வேண்டியதாயிற்று.

"லைல், நான் வெர்னா."

"யார் செத்தா?"

"யாரும் சாகல. நான் குடுத்த லேப்டாப் இருக்கா?"

"ஷெட்டுல கெடக்கு. மழை பேஞ்சா சீட்டு ஆடுவேன்."

"அதுல நெட்டு வருதா?"

"எலி வயரைக் கடிச்சதுலேந்து ஷெட்டுலயே நெட்டு இல்ல. போன வாரந்தான் நெட்டுக்குன்னு கூரை மேல புதுசா டிஷ் தட்டு வெச்சுக் குடுத்தாங்க. பழைய பாஸ்வேர்டையே போட்டாச்சு, எல்லாம் தானா சேந்துக்கும்."

வெர்னா கார் சாவியைக் கையில் எடுத்தாள்.

"அதுக்கப்புறம் லேப்டாப்பைத் தொறந்தியா?"

"பழம் பறிக்கற நேரத்துல எவன் சீட்டு ஆடுவான்?"

"தொறக்காத. நான் வர்றேன். நெட்டு பட்டா அதுல இருக்கறதெல்லாம் போயிடும். தொறக்காத."

போனை வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சின்ன வயதிலிருந்தே லைலிடம் ஒன்றைச் செய்யாதே என்றால் அதை அவன் செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். தண்ணீர்த் தொட்டிக் கூரையில் ஏறாதே என்று அவள் சொன்ன அன்றுதான் அவன் கையை உடைத்துக்கொண்டான்.

குட்டியைத் துணிப்பையில் போட்டு, ஸ்வெட்டருக்குள் கட்டிக்கொண்டு காரை எடுத்தாள். ஹுவான் ஆற்றைச் சுற்றிப் போகும் அந்தச் சாலையை அவள் அவ்வளவு வேகமாக ஓட்டியது அதுதான் முதல் தடவை. ஓரத்திலிருந்து ஏதாவது குறுக்கே வந்துவிடப் போகிறதே என்று பயந்துகொண்டே ஓட்டினாள்.

ஷெட்டுக்குள் நுழைந்தால் மேசை மேல் லேப்டாப் திறந்திருந்தது. திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"தொறந்துட்டியா?"

"உயிரோட இருக்கான்னு பாக்க வேணாமா? நீ அவ்வளவு தூரத்துலேந்து வர்ற."

"நெட்டு?"

"அதை முன்னாடியே புடுங்கிட்டேன்."

அப்போதுதான் அவள் சுற்றிலும் பார்த்தாள். பழம் எடைபோட்டு லேபிள் ஒட்டும் எந்திரம் நின்றிருந்தது. தண்ணீர் பாய்ச்சும் எந்திரமும் ஓடவில்லை. பழம் பறிக்க வந்த ஆட்கள் வெளியே பெட்டிகள் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். பண்ணையில் எல்லாமே அந்தத் தட்டை நம்பித்தான் ஓடின.

"எல்லாத்தையுமாடா நிறுத்தின?"

"நெட்டு கூடாதுன்ன. எந்த நெட்டுன்னு சொல்லல."

வெர்னா உட்கார்ந்தாள். புக்மார்க்குகள் அத்தனையும் அங்கே இருந்தன, மஞ்சள் நட்சத்திரம் உட்பட. அவற்றை ஒரே கோப்பாக்கிப் பென்டிரைவில் போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தாள் பெத்தானி. ஸ்வெட்டருக்குள் குட்டி உதைத்ததில் வெர்னாவின் கை இரண்டு முறை தவறான இடத்தில் தட்டியது.

"அதை இப்படிக் குடு" என்றான் லைல்.

"நீயா?"

"இல்லேன்னா கார்ல வெய்யி."

"குளிர்ல செத்துடும்."

"டிசம்பர் கோடையில என்ன குளிரு?"

"ரோமம் இல்லாததுக்கு எல்லா மாசமும் குளிருதான்."

அவன் பையை வாங்கி, ஒழுகுகிற பால் பாக்கெட்டைப் பிடிப்பது போலத் தள்ளிப் பிடித்தான். வெளியே ஆட்கள் தேநீர் குடிப்பதை நிறுத்தினார்கள். அவன் திரும்பி நின்றுகொண்டு பையைச் சட்டையோடு சேர்த்துக்கொண்டான்.

"இது பெருசாகி எங்க தோட்டத்துக்குத்தான் வரும்."

"உன் பக்கம் விடமாட்டேன்."

கோப்பு மெதுவாக ஏறியது. வெர்னா திரையைப் பார்த்தபடியே, "அன்னிக்குக் கூட்டத்துல நீ சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"எல்லாரும் சிரிச்சாங்க."

"நான் சிரிக்கல."

"பாத்தேன்." பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான். "நல்ல ஜோக்கு. சொல்லியிருக்கக் கூடாது."

"நல்ல ஜோக்கெல்லாம் இல்ல" என்றாள் வெர்னா.

பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு, குட்டியை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். அவன் ஒரு பெட்டி செர்ரியை அவளிடம் கேட்காமலே காரின் பின் இருக்கையில் வைத்தான். தட்டுக்கு மின்சாரம் வந்ததும் ஷெட்டுக்குள் எல்லா எந்திரங்களும் ஒன்றாகக் கூவுவது சாலை வரை கேட்டது.

வீட்டுக் கணினியில் புக்மார்க்குகள் ஏறின. கொஞ்ச நேரத்தில் போனிலும் வந்தன, ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றாக. பாதிப் பக்கங்களைத் திறந்தால் அப்படி எதுவும் இல்லை என்று வந்தது. அவற்றை எழுதியவர்கள் எப்போதோ மூடிவிட்டுப் போயிருந்தார்கள். குவீன்ஸ்லாந்து அம்மாளின் பக்கம் இருந்தது. அதில் சொன்னபடியே செய்தாள். அந்த வாரக் கடைசியில் குட்டியின் பேதி நின்றது. கோடை முடிவதற்குள் ரோமமும் முளைத்துவிட்டது.

ஏப்ரலில் ஒரு நாள் போனில், வாம்பட் பால்மாவுக்குக் கீழே, அவள் சேர்க்காத ஒரு பக்கம் இருந்தது. வாலபி புக முடியாத கம்பி வேலி விற்கிறவர்களுடையது. லைலின் லேப்டாப் இன்னும் அவள் அக்கவுண்ட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நன்றாகவே சிங்க் ஆகிக்கொண்டிருந்தது.

உடனே போன் செய்தாள்.

"லைல், அந்த வேலியை வாங்காத. ஓட்டை பெருசு. சின்னதெல்லாம் நுழைஞ்சுடும்."

"என் மெஷினை நீ எதுக்குப் பாக்கற?"

"நான் பாக்கல. எனக்கு வருது."

"உன் வாம்பட் பக்கம் பூரா எனக்கு வருது. நான் ஏதாவது சொன்னனா?"

"வேணாம்னா என் அக்கவுண்ட்லேந்து வெளிய வந்துடு. எப்படின்னு சொல்றேன், எழுதிக்கோ."

மறுமுனையில் பேனா தேடும் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

"இப்ப வேலை கெடக்கு" என்றான் லைல். "எவ்வளவு ஓட்டை இருக்கணும், அதைச் சொல்லு."