நாற்பது நிமிடம் முந்திய கடலூர்

நஸீமா வெறுங்காலோடு ஓடினாள். இடுப்பில் பதினொரு மாதப் பிள்ளை ஃபஹீமா. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அம்மா விளையாட்டுக் காட்டுகிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தது. 2020 ஜூன் மாதம், மாலை நாலு மணி பத்து நிமிடம். கடலூர் முதுநகரில் ஊரடங்கு. தெருமுனையில் அவள் அண்ணன் ஜமாலுதீன், மீன் ஏற்றும் குட்டியானை வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன், வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"என்னாச்சு பிள்ளைக்கு?"

"இன்னும் ஒண்ணும் ஆகலண்ணே. வண்டிய எடு, எடு!"

காரணம் இதுதான்: சிதம்பரம் மேல வீதியில் இருந்த குழந்தை டாக்டர் ஸ்ரீமதியின் செல்போனில், கடலூர் நாற்பது நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

ஏப்ரலில் கிளினிக்கைப் பூட்டிவிட்டு, டாக்டர் பிள்ளைகளை வீடியோ காலில் பார்க்க ஆரம்பித்தபோதே இது தெரிந்துவிட்டது. பண்ருட்டி ஒழுங்காக வந்தது. சேத்தியாத்தோப்பு கொஞ்சம் விட்டுவிட்டு வந்தது. கடலூரிலிருந்து குரல் மட்டும் அந்தந்த நேரத்துக்கு வரும். படம் நாற்பது நிமிடம் முந்தும். முதல் வாரம் தேவனாம்பட்டினத்துப் படகுக்காரர் அன்புமணி, மகனுக்கு வயிற்றுப்போக்கு என்று கூப்பிட்டார். "அது இருக்கட்டும், வலது கையில கட்டு போட்டிருக்கே, யாரு போட்டது?" என்றார் டாக்டர். கையில் கட்டும் இல்லை, காயமும் இல்லை; பையன் கரையேற்றிய படகின் மேல் குதித்துக்கொண்டிருந்தான். அன்புமணி பதறிப்போய், "எறங்குடா!" என்று இழுத்தார். இழுத்த இழுப்பில் பையன் விழுந்து மணிக்கட்டு பிசகியது. நாற்பதாவது நிமிடம் வலது கையில் கட்டு.

அதன்பிறகு டாக்டர் படத்தில் பார்த்த எதுவும் நடக்காமல் போனதில்லை. செல்போன் கம்பெனியில் கேட்டார். அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னார்கள். ஒருமுறை ஒரு தாயிடம், பிள்ளை வாந்தி எடுக்கப்போகிறது என்று சொல்லிவிட்டார். அந்தக் குடும்பமே நாற்பது நிமிடம் பிள்ளையின் வாயைப் பார்த்தபடி சுற்றி உட்கார்ந்திருந்தது. இனி படத்தில் தெரிவதைச் சொல்வதில்லை என்று அன்று முடிவெடுத்தார். மருந்து மட்டும் சொல்வார். முதுநகர் தங்கராசு மட்டும், பிள்ளைக்குச் சளி என்று கூப்பிட்டு, கடைசியில் மெல்ல ஆரம்பிப்பார்: "அப்படியே ஜன்னல் பக்கம் பாத்து, தண்ணி லாரி வந்துடுச்சான்னு சொல்லிடுங்க மேடம்." "வந்துடுச்சு. மாஸ்க் போட்டுட்டுப் போங்க" என்பார் டாக்டர்.

ஃபஹீமாவுக்கு இரண்டு நாளாக இருமல். காய்ச்சல் இல்லை. வெளியே தெரிந்தால் தெருவை அடைத்துத் தகரம் அடித்துவிடுவார்கள் என்று, பிள்ளை இருமும்போதெல்லாம் நஸீமா டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தாள். கணவன் ரஃபீக் ஷார்ஜாவில் விமானம் இல்லாமல் மாட்டிக்கொண்டு, மணிக்கொரு தரம் "டாக்டரக் கேட்டியா?" என்றான். அன்று கேட்டாள். போனை அரிசி டிரம்மில் சாய்த்து, தூளி தெரியும்படி வைத்தாள்.

"ஒரு நிமிஷம் மூச்ச எண்ணு" என்றார் டாக்டர்.

"முப்பத்தாறு."

"பால் குடிக்கிறாளா?"

"குடிக்கிறா மேடம். இப்பகூட சிரிக்கிறா, கேக்குதா?"

கேட்டது. உடனே டாக்டர், இதுவரை கடலூரில் யாரும் கேட்டிராத குரலில் கத்தினார். "நஸீமா, பிள்ளையத் தூக்கு. பெரியாஸ்பத்திரிக்கு ஓடு. செருப்பு தேடாத, ஓடு!"

"என்ன மேடம் தெரியுது?"

"ஓடுன்னா ஓடு!"

ஓடினாள். போன் அரிசி டிரம்மிலேயே சாய்ந்து கிடந்தது.

வண்டியில் ஏறியபிறகு ஜமாலுதீன் விஷயத்தைக் கேட்டான். "பெரியாஸ்பத்திரியா? இருமல்னு சொன்னா மூணு பேரையும் உள்ள வச்சுடுவான். பிள்ளைக்கு என்ன வரும்னு பாத்த டாக்டருக்குத்தானே தெரியும்? அங்கயே போயிடுவோம்." ஸ்டியரிங்கைச் சிதம்பரம் பக்கம் திருப்பினான். டாக்டர் நம்பர் நஸீமாவின் போனில் இருந்தது. போன் வீட்டில் இருந்தது.

ஆலப்பாக்கத்தில் போலீஸ்காரர் இளவரசு லத்தியை நீட்டி மறித்தார். "எங்க போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு சார். பிள்ளைக்கு..."

இளவரசு எட்டிப் பார்த்தார். பிள்ளை அவர் தொப்பியைப் பிடிக்கக் கையை நீட்டியது. "இதுக்கு என்ன கேடு? கல்லாட்டம் இருக்கு."

"இன்னும் அரை மணி நேரத்துல வரும் சார்" என்றாள் நஸீமா.

இளவரசு லத்தியை இறக்கினார். "மேல வீதி டாக்டரம்மாவா? அத மொதல்ல சொல்ல வேணாமா? போங்க, போங்க."

புதுச்சத்திரம் தாண்டியும் பிள்ளை சிரித்துக்கொண்டுதான் இருந்தது. ஜமாலுதீன் வேகத்தைக் குறைத்தான். "நல்லாத்தானே இருக்கா? திரும்பிடலாமா?"

"நாப்பது ஆகட்டும்ணே."

"ஆகலன்னா?"

"ஆகலன்னா உனக்குப் பிரியாணி ஆக்கித் தர்றேன். மிதி!"

வெள்ளாற்றுப் பாலத்தில் ஃபஹீமா இருமினாள். பாலம் முடிவதற்குள் இருமல் விசிலாக மாறியது. நஸீமா வாய் ஓயாமல் துவா ஓதினாள். மேல வீதிக்குள் வண்டி திரும்பியபோது விசிலும் நின்றது. பிள்ளையின் வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. உதடு நாவல்பழ நிறம்.

நாலு ஐம்பது.

டாக்டர் ஸ்ரீமதி வாசலில் மாஸ்க்கோடு, பேய் அறைந்தவர்போல் நின்றிருந்தார். வண்டியையும் பிள்ளையையும் பார்த்த பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. பிள்ளையைப் பிடுங்கி, முன்னங்கையில் தலை தாழக் குப்புறப் போட்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையால் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது தட்டில் தார் ரோட்டில் ஏதோ விழுந்தது. ஃபஹீமா வீறிட்டாள். அந்த அழுகைக்கு மேல வீதியில் பூட்டியிருந்த ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

விழுந்தது பாதி முந்திரிப்பருப்பு. இரண்டு நாளாக மூச்சுக்குழாயில் ஓரமாக ஒட்டியிருந்தது, நகர்ந்து வழியை அடைத்திருக்கிறது. ஜமாலுதீன் அதைப் பார்த்துவிட்டு ரோட்டிலேயே உட்கார்ந்தான். பண்ருட்டிக்குப் போனபோது வாங்கிவந்து, ருசி பார்க்கட்டும் என்று பிள்ளை வாயில் வைத்தவன் அவன்தான்.

2022இல் கடலூரில் டவர் மாற்றினார்கள். படமும் குரலும் ஒன்றாக வர ஆரம்பித்தன. தண்ணீர் லாரியை இப்போது வாசலில் நின்று பார்க்கவேண்டியிருக்கிறது என்று தங்கராசு இன்றும் குறைப்பட்டுக்கொள்கிறார். ரஃபீக் ஊர் வந்தான், மறுபடி ஷார்ஜா போனான். ஒவ்வொரு தடுப்பூசிக்கும் சிதம்பரம் வந்த நஸீமா, ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: அன்றைக்கு என்ன பார்த்தீர்கள்? டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்.

போன வருஷம் ஃபஹீமாவை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டு, மிட்டாய் கொடுக்க வந்தாள். அன்று டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"உன் பிள்ளைய நான் பாக்கவே இல்ல நஸீமா. தூளி காலியா இருந்துச்சு. வீட்ல ஆளே இல்ல. கீழ செருப்பு ரெண்டும் அப்படியே கிடந்துச்சு. தாயி செருப்புகூடப் போடாம பிள்ளையத் தூக்கிட்டு ஓடியிருக்கான்னா ஆஸ்பத்திரிக்குத்தான்னு நினைச்சேன், அதான் கத்தினேன். அப்புறம் பெரியாஸ்பத்திரிக்குப் போன் மேல போன் போட்டேன். அப்படி ஒரு பிள்ளையே வரலன்னாங்க. வாசல்ல வண்டி வந்து நிக்கிற வரைக்கும் பிள்ளை போயிடுச்சுன்னுதான் இருந்தேன்."

நஸீமா மிட்டாயை மேஜையில் வைத்தாள்.

"செருப்பு தேடாதன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?" என்றாள்.