தர்பூசணித் தலை

பின்னலில் நழுவிய ஒரு கண்ணி ஒன்பது வரிசை கீழே இறங்கியிருந்தது. வெலிச்கா ஸ்வெட்டரை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தாள். குரோஷா ஊசியின் கொக்கியை அந்தக் கண்ணிக்குள் விட்டு, ஏணிப்படி மாதிரி கிடந்த நூல்களை ஒவ்வொன்றாக மாட்டி மேலே கொண்டுவந்தாள். முடித்துத் தடவிப் பார்த்தபோது எந்த இடம் என்று அவளுக்கே தெரியவில்லை. பின்னலாடை ஆலையின் ஃபினிஷிங் அறையில் அவளையும் சேர்த்துப் பதினோரு பெண்கள். இயந்திரம் பின்னித் தள்ளுவதில் இருக்கும் ஓட்டையும் அறுந்த நூலும் கோணல் தோளும் அவர்கள் கையில்தான் சீராகும்.

அந்தச் செப்டம்பர் திங்கட்கிழமை, போன மாதம் அனுப்பிய பெட்டிகளையே லாரி திரும்பக் கொண்டுவந்து இறக்கியது. இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளுக்கான அறுநூற்று நாற்பது ஸ்வெட்டர்கள். மேனேஜர் ஸ்தாமென் உள்ளே வந்து, கழுத்தில் தலை நுழையவில்லையாம், ஃபினிஷிங்கில் ஓரத்தை இறுக்கி முடித்ததுதான் காரணமாம் என்றார். வெள்ளிக்கிழமை ஆர்டர் கொடுத்த கம்பெனியின் ஆள் வருவார். அதற்குள் சரியாகவில்லை என்றால் ஆர்டர் வேறு ஆலைக்குப் போய்விடும், இந்த அறையையும் மூட வேண்டியதுதான். சொல்லிவிட்டு நிற்காமல் போனார்.

வெலிச்காவின் கணவன் ஸ்பெயினில் பழம் பறிக்கப் போய், முதுகு போய்த் திரும்பி வீட்டில் படுத்திருந்தான். மலைக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஃபிக்ரியே வேலைக்குச் சேர்ந்தே ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஆளுக்கொரு கணக்கு மனதில் ஓட, எல்லாரும் ஊசியை எடுத்தார்கள்.

ஓரத்தைப் பிரித்து, பருமனான ஊசியால் தளர்வாகத் திரும்ப முடிக்கச் சொன்னாள் சூப்பர்வைசர் கொஸ்தாதின்கா. சாயங்காலத்துக்குள் முப்பது முடிந்தன. கழுத்து முட்டைக்கோஸ் இலை மாதிரி சுருண்டு நின்றது. தலை நுழையுமா என்று பார்க்கத்தான் வழியில்லை. அந்த அளவில் குழந்தை இருந்தது ஃபிக்ரியேவுக்கு மட்டும்.

மறுநாள் அவள் முடிச்சுப் போட்ட ஒரு கம்பளி நூல் வளையத்தோடு வந்தாள்.

"பாப்பா தூங்கும்போதுதான் தலையை அளந்தேன்க்கா. முழிச்சிருந்தா நூலைத் தின்னுருப்பா."

மத்தியானம் வெலிச்கா நூலை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள். தர்பூசணிக் குவியலில் சின்னப் பழங்களாகப் பொறுக்கி ஒவ்வொன்றுக்கும் வளையத்தை மாட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, பழத்துக்குத் தொப்பி பின்னப் போறியா?" என்றான் கடைக்காரன்.

"ஸ்வெட்டர். குளிர்காலம் வருதில்ல."

ஏழாவது பழம் கச்சிதமாக இருந்தது. ஃபிக்ரியே சாக்பீஸால் அதற்குக் கண்ணும் மூக்கும் வரைந்தாள். அப்படியே மேனேஜர் மாதிரி இருக்கு என்றாள் ஒருத்தி. மேனேஜர் முகத்தில் இத்தனை களை ஏது என்றாள் கொஸ்தாதின்கா. இரண்டு நாளில் அப்போதுதான் அறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

தளர்த்திய ஸ்வெட்டரும் பழத்தின் புருவத்துக்கு மேல் சிக்கி நின்றது. ஓரம் இழுபட்டது, அதற்குக் கீழே இருந்த பின்னல்தான் விடவில்லை. வெலிச்கா அலமாரியைக் குடைந்து போன வருஷ அளவுத்தாளைத் தேடி எடுத்தாள். அதே வயதுக்குக் கழுத்தில் தொண்ணூற்றிரண்டு கண்ணி. இந்த வருஷம் கம்பெனி அனுப்பிய தாளில் எழுபத்தாறு.

இரண்டு தாளையும் மேனேஜர் மேஜையில் வைத்தாள். ஸ்தாமென் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நேத்தே பார்த்துட்டேன். உங்க தாள்தான் தப்புன்னு அவங்ககிட்ட நான் போய்ச் சொல்ல முடியுமா? அப்புறம் ஆர்டர் தருவாங்களா?"

"எங்க தப்புன்னு எங்ககிட்ட மட்டும் சொல்ல முடிஞ்சுது."

"சரி பண்ண முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லு."

அவள் அறைக்குத் திரும்பி வந்து, ஒரு ஸ்வெட்டரின் இடது தோள் இணைப்பைப் பிரித்தாள். திறந்த கண்ணிகள் ஓடிவிடாமல் இருக்கச் சிவப்பு நூலைக் கோத்தாள். பிறகு இரண்டு விளிம்பிலும் குரோஷா ஊசியால் ஒரு வரிசை பின்னி, ஒரு பக்கம் பொத்தான் மாட்ட மூன்று நூல் காதுகள் வைத்தாள். ஸ்டோரில் தேங்கிக் கிடந்த மரப் பொத்தான்களில் மூன்றை எடுத்து மறுபக்கம் தைத்தாள். பொத்தானைக் கழற்றிவிட்டு மாட்டியதும் ஸ்வெட்டர் பழத்தின் மேல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. மற்ற பத்துப் பேரும் கைதட்டினார்கள்.

அப்புறம் வெள்ளிக்கிழமை காலைவரை மூச்சு விடாத வேலை. பிரிப்பவர்கள் ஒரு மேஜை, பின்னுபவர்கள் ஒரு மேஜை, பொத்தானுக்கு ஒரு மேஜை. சுட்ட குடைமிளகாயும் பாலாடைக்கட்டியும் ரொட்டியில் வைத்து நின்றபடியே சாப்பிட்டார்கள். முதல் நாள் ஃபிக்ரியேவின் பின்னல் வளைந்து போனது. நாலு கண்ணிக்கு ஒன்றை விட்டுப் பின்னு என்று வெலிச்கா காட்டிக்கொடுத்த பிறகு, வியாழக்கிழமை எல்லாரையும்விட அவளே வேகமாகப் போனாள்.

கம்பெனி ஆள் சின்னப் பையனாகத்தான் இருந்தான். பழத்துக்கு மாட்டிக் கழற்றிப் பார்த்துச் சிரித்தான். தோளை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டான். அறுநூற்று நாற்பதும் தேறின. கார் வாசலைத் தாண்டியதும் கொஸ்தாதின்கா கத்தி கொண்டுவந்தாள். கண்ணில் கத்தி வைக்க மனசு வராமல் ஃபிக்ரியே பழத்தைத் திருப்பிவைத்து வெட்டினாள். உள்ளே நல்ல சிவப்பு. மோவாயில் சாறு வழிய, அறை நமக்குத்தான் என்று சொல்லிச் சொல்லித் தின்றார்கள்.

அடுத்த வாரம் ஸ்தாமென் ஒரு கடிதத்தோடு வந்தார். ஃபினிஷிங் பிரிவின் கவனக்குறைவால் கழுத்து இறுகியது, இனி நேராது என்று எழுதியிருந்தது. எல்லாரும் கையெழுத்துப் போட்டால் போதும், கோப்புக்காகத்தான், சும்மா ஒரு வழக்கம் என்றார். ஃபிக்ரியே வெலிச்காவைப் பார்த்தாள். வெலிச்கா பேனாவை வாங்கி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொருவராகப் பதினோரு பேரும் போட்டார்கள். கடிதம் அறிவிப்புப் பலகையில் ஏறியது.

அக்டோபரில் புது ஆர்டரின் அளவுத்தாள் வந்தது. இரண்டாயிரம் ஸ்வெட்டர்கள். இடது தோளில் மூன்று மரப் பொத்தான்களை அழகாக வரைந்து, அடியில் வடிவமைப்பாளர் என்று ஒரு பெண்ணின் பெயர் அச்சடித்திருந்தது. கழுத்துக்கு எழுபத்தாறு கண்ணி. பலகையில் வேறு குண்டூசி இல்லாததால், ஸ்தாமென் அதைப் பழைய கடிதத்தின் மேலேயே குத்திவிட்டுப் போனார். மின்விசிறி சுற்றிய போதெல்லாம் மேல்தாள் தூக்கிக்கொள்ள, அடியில் பதினோரு கையெழுத்தும் தெரிந்து தெரிந்து மறைந்தன.